பன்றிக்கொட்டில் அட்டை

மோசல் ஆற்றங்கரைப் பழம்பொருள் சந்தையில் வெண்டலினின் தலையைக் கண்டாலே ட்ரூடலுக்குச் சிரிப்பு முட்டும்.

"வாங்கண்ணே! இந்த ஞாயித்துக்கிழமையும் ஒண்ணு சிக்கியிருக்கு." கடைப் பெட்டியிலிருந்து பழைய படத் தபால் அட்டையை உருவினாள்.

"மெதுவாப் பேசு. ஊரைக் கூட்டாதே."

அட்டையில் 1908-ஆம் ஆண்டு அவர்கள் ஊர். ஆறு, திராட்சைச் சரிவு, தேவாலயக் கோபுரம் எல்லாம் இருந்தன. வெண்டலினின் மதுவிடுதி இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு பன்றிக்கொட்டில்.

அவர் விடுதி வாசலிலோ, '1720 முதல்' என்று பொன்னெழுத்துப் பலகை. அப்பா மாட்டியது. படகில் வரும் பயணிகள் அதைப் பார்த்துத்தான் உள்ளே நுழைவார்கள். எதிரே எகோனின் விடுதி காற்று வாங்கும். இந்த அட்டை அவனிடம் சிக்கினால் பலகையும் போகும், பிழைப்பும் போகும்.

"எத்தனைதான் அச்சடிச்சுத் தொலைச்சானுங்களோ!"

"அழகான ஊராச்சே, ஆளுக்கொண்ணு வாங்கியிருப்பாங்க. வேணாம்னா சொல்லுங்க, எகோன் கேட்டுக்கிட்டே இருக்காரு."

"அவன் கண்ணுல காட்டினே, என் கடையில உனக்குப் பச்சைத் தண்ணிகூடக் கிடையாது."

கேட்ட விலையைக் கொடுத்தார்.

"ஏண்ணே, அப்போ உங்கப்பா மாட்டின பலகை பொய்தானா?"

"அந்த ஆளு ஒயின்ல தண்ணியை ஊத்திட்டு, மழை ஜாஸ்தின்னு சாதிச்சவன். அவன் சொன்னது எது நிஜம்? பெத்த அப்பனையே நம்பாதவன் நான். என்னை ஒருத்தனும் ஏமாத்த முடியாது."

"அது சரி!" என்றாள் ட்ரூடல்.

வெண்டலின் நேராக விடுதி அடுக்களைக்குப் போனார். அட்டையை அடுப்பில் போட்டு, சாம்பலைக் கிளறிப் பார்த்த பிறகே அவருக்கு மூச்சு வந்தது. எகோனை நினைத்துச் சிரித்தபடி ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டார்.

சந்தையில் ட்ரூடல் மகளுக்குப் போன் போட்டாள்.

"அடுத்ததை அச்சடிச்சு வைடி. அசல் அட்டையில அவரு விடுதியும், அவங்கப்பா காலத்துக்கு முந்தியே இருந்த '1720 முதல்'ங்கிற பழைய பலகையும் பளிச்சுன்னு தெரியுதே, அதை மறைச்சு நீ வரைஞ்ச கொட்டில் ரொம்ப வெறிச்சுன்னு இருக்கு, இந்தத் தடவை ஒரு பன்னியையும் சேர்த்துடு."