யாருக்கும் வேண்டாதவன்

ஜூலை முதல் தேதி, ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களை அணிகள் போட்டி போட்டு எடுக்கும் நாள். கனடாவின் சஸ்கட்டூன் நகரத்துக் காபிக் கடையில், தொலைக்காட்சிக்கு எதிரே இரண்டு ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் மோதிக்கொண்டிருந்தார்கள். ஒரே மேசையில் இடம் கிடைத்ததால் அன்றுதான் ஏற்பட்ட பழக்கம்.

“ருஸ்லானோட ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு. எங்க டொராண்டோ அவனை வளைச்சுப் போடணும்,” என்றார் மைரன்.

“அவனையா? முட்டி போன குதிரைங்க அது,” என்றார் பெரியவர் ஒரெஸ்ட். “ஒரு அணி மொத்தமா இவ்வளவுதான் குடுக்கலாம்னு சம்பள உச்சவரம்பு வேற இடிக்குது. அந்தக் காசுக்கு ரெண்டு இளவட்டங்களை எடுக்கலாம்.”

“தடுத்து ஆடறதுல அவனை மாதிரி யாருங்க இருக்கா?”

“எந்த அணியும் அவனைச் சீண்டாது. வேணும்னா பாருங்க.”

“அவன் மேல உங்களுக்கு அப்படி என்னதான் கோபம்?”

அதற்குள் தொலைக்காட்சியில் செய்தி வந்துவிட்டது. ருஸ்லானை ஃபுளோரிடா அணி நான்கு ஆண்டுகளுக்கு எடுத்துக்கொண்டது. மைரன் மேசையைத் தட்டிச் சிரித்தார். “தோத்தீங்களா!”

ஒரெஸ்டின் செல்போன் ஒலித்தது.

“பாத்தேன்டா கண்ணா… ரொம்ப சந்தோஷம். உடம்பைப் பாத்துக்க. அப்பாவுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கேன்.”

மைரனின் சிரிப்பு நின்றது. “உங்க பையனா? பெத்த புள்ளையையா இந்தப் பேச்சு பேசினீங்க?”

“பதினாறு வயசுல ஆடப் போனவன்,” என்றார் ஒரெஸ்ட். “யாருமே எடுக்கலைன்னா வீட்டுக்கு வந்துடுவான்னு பாத்தேன்.”