வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

விமானி உட்காரும் கண்ணாடிக் கூண்டுக்கு, துர்கா தாழ்ப்பாளை வெளிப்பக்கம் வரைந்தாள்.

உள்பக்கம் ஒரு கைப்பிடிகூட வைக்கவில்லை.

கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது. விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் பிளக்ஸ் பேனர் போடும் கடை அது. காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் படங்களை வெட்டி ஒட்டுவது அவள் வேலை. கடைக்காரர் விருத்தகிரி மதியம் சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டால், திரும்பி வரும்வரை கம்ப்யூட்டரில் அவள் என்ன வேண்டுமானாலும் வரையலாம்.

இந்த விமானம் ஒரு வீடியோ கேமுக்கு. அவள் இன்டர்நெட்டில் போட்டிருந்த படங்களைப் பார்த்துவிட்டு, பெங்களூரில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் இருக்கும் வளவன் என்பவன் வேலை கொடுத்திருந்தான். பழைய உலகப்போர்க் காலத்துச் சண்டை விமானம் மாதிரி இருக்க வேண்டும், ஆனால் உலகத்தில் எங்கேயும் இருந்திருக்கக் கூடாது என்று மெயில் அனுப்பியிருந்தான். எதிரிப் படைத் தலைவன் ஓட்டுவது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வெடித்துச் சிதறும்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் துர்கா ஒத்துக்கொண்டாள்.

மௌஸைப் பிடித்தே முழுதும் வரைந்தாள். உருண்டை மூக்கு, அதில் மூன்று இலைக் காற்றாடி. பறவை கீழே பாயும்போது மடிக்கிற மாதிரி இறக்கைகள். வெயிலில் வெளுத்த பச்சை பெயின்ட், தகடு தகடாக ஆணி அடித்த உடம்பு. புகைக்குழாய்க்குப் பின்னால் கரி படிந்திருந்தது.

அழகாகத்தான் வந்திருந்தது. அழகாக இருந்தால்தான் எல்லோரும் உற்றுப் பார்ப்பார்கள்.

பெட்ரோல் டாங்கை விமானியின் முதுகை ஒட்டி வைத்தாள்.

பிறகு கண்ணாடிக் கூண்டுக்குக் கீழே, வெள்ளை எழுத்தில், தமிழில் எழுதினாள்: சுப்புராயன்.

சுப்புராயன் ஊருக்குத் தெரிந்த ஆள். இன்றைக்கு ரயில்வே கேட்டைத் தாண்டி அவனுக்குச் சொந்தமாகவே பீங்கான் கம்பெனி இருக்கிறது. அதற்கு முன்னால் வேறொருவரின் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தான். துர்காவின் அம்மா கொளஞ்சியம்மாள் அங்கேதான் வேலை பார்த்தாள்.

வேன் வந்து நிற்கிறது, சீக்கிரம் சரக்கை எடு என்று அவன் அவசரப்படுத்திய ஒரு நாள், சூடு ஆறாத சூளைக்குள் கொளஞ்சியம்மாள் போனாள். பின்னால் இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் வெளியே விழுந்தது.

கத்தியது கேட்டு ஆட்கள் ஓடிவந்து திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனாள்.

யார் உள்ளே அனுப்பியது என்று போலீஸ் கேட்டபோது, துர்கா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். சுப்புராயன் அவளைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னான்:

"அந்தப் பொம்பள யாருன்னே எனக்குத் தெரியாதுங்க."

கேஸ் அத்தோடு நின்றுபோனது.

துர்கா படத்தை அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் வளவன் போன் செய்தான். படம் அங்கே எல்லோருக்கும் பிடித்துவிட்டதாம். ஒரே ஒரு சந்தேகம், ஆபத்து வந்தால் இந்த ஆள் எப்படி வெளியே வருவான் என்று கேட்டான்.

"அவன் வெளிய வர வேண்டியதில்லீங்க."

வளவன் சிரித்தான். வில்லன்தானே, அப்படியே இருக்கட்டும் என்றான். யார் அந்தச் சுப்புராயன் என்று கேட்டதற்கு, ஊரில் ஓர் ஆள் என்று மட்டும் சொன்னாள். வெள்ளைக்காரர்கள் அதை டிசைன் என்று நினைத்துக்கொள்வார்கள், எடுக்க வேண்டாம் என்றான்.

விமானம் எத்தனை தடவை வெடிக்கும் என்று துர்கா கேட்டாள்.

ஆடுகிறவன் ஒவ்வொருத்தனும் ஜெயிக்கிறபோதெல்லாம் வெடிக்கும், கணக்கே கிடையாது என்றான் வளவன்.

அது போதும் என்றாள் துர்கா.

போனை வைப்பதற்கு முன்னால், ஆட்டம் முடிந்ததும் ஓடுகிற பெயர் வரிசையில் அவள் பெயரும் வரும் என்றான் வளவன். வெளிநாட்டுக் கம்பெனி, இனிஷியல் மட்டும் போட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மெயிலில் எஸ். துர்கா என்று இருக்கிறதே, எஸ் என்றால் என்ன என்று கேட்டான்.

துர்கா திரையில் இருந்த வெள்ளை எழுத்தைப் பார்த்தாள்.

"சுப்புராயன்" என்றாள்.

விமானத்தில் இருக்கும் பெயரா என்று கேட்டான் வளவன்.

பழமலைநாதர் கோயிலில் கொளஞ்சியம்மாளுக்குத் தாலி கட்டியவன் அவன்தான். துர்கா தவழும்போது விட்டுவிட்டு மங்கலம்பேட்டையில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். பல வருஷம் கழித்து, கொளஞ்சியம்மாள் கூலிக்குப் போன கம்பெனிக்கே சூப்பர்வைசராக வந்தபோது, வேலை ஏவுவதைத் தவிர இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

உங்கள் அப்பாவா என்று வளவன் மெதுவாகக் கேட்டான். அவள் ஆமாம் என்றாள். அப்படியானால் பெயர் வரிசையில் எப்படிப் போடட்டும் என்றான்.

"அந்தப் பேரு ஏரோப்ளேன்லயே இருக்கட்டுங்க. எனக்குக் கொளஞ்சியம்மாள் துர்கான்னு போடுங்க."

அவனுக்கு அந்தப் பெயரை இங்கிலீஷில் எழுத வரவில்லை. துர்கா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.