குருவி கத்தும் கடல்

ஒரே விளையாட்டை விளையாடியவர்கள் எப்படி இரண்டு வேறு கடல்களைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை.

கைப்பேசியில் கருத்துகளைத் தள்ளித் தள்ளிப் படித்தாள். சின்ன நீர்மூழ்கிக் கலத்தை ஓட்டிப்போய், கடலடியில் கிடக்கும் கப்பலைக் கண்டுபிடிக்கிற பழங்காலத்துக் கணினி விளையாட்டு அது. தாலாட்டு மாதிரி இருக்கிறது, பாதி வழியில் கொட்டாவி விட்டேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். உட்கார்ந்து நிமிர்வதற்குள் கலத்தில் காற்று தீர்ந்துபோகிறது, பகல்கொள்ளை என்று அடுத்தவர். ஒருத்தி சமைக்கும்போது அந்தக் கடலின் சத்தத்தைத் துணைக்கு ஓடவிட்டுக்கொள்வாளாம். இன்னொருவர் விசைப்பலகையை வீசி எறிந்துவிட்டு, பிறகு போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தாராம்.

பக்கத்து அறையில் அவள் கணவர் மறுபடியும் மூழ்கினார். காற்று தீர்ந்ததற்கான மணி அடித்தது.

அவர் சலூன் வைத்திருப்பவர். மணிக்கட்டு முறிந்து, கட்டும் பிரித்தாகிவிட்டது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, தாராளமாகக் கத்தி பிடிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியும் கடையைத் திறக்கவில்லை. அடுத்தவர் கழுத்தில் வைக்கிற விஷயம் என்றார்.

தன் கைக்குத் தானே ஒரு பரீட்சை வைத்தார். கல்யாணத்துக்கு முன்பு, கடையில் ஆள் வராத மதிய நேரங்களில், சத்தம்கூட வராத ஒரு பழைய கணினியில் இதே விளையாட்டை ஆடுவாராம். வாயில் மிட்டாயை அதக்கியபடியே கப்பலைத் தொட்டுவிட்டு வருவாராம். இப்போதும் தொட்டால் கடை திறக்கும். தொடாவிட்டால் நாற்காலிகளை விற்றுவிடுவது.

அவள் தம்பிதான் இணையத்தில் தேடிப் பிடித்து, புதுக் கணினியில் அதை ஏற்றிக்கொடுத்தான். கொடுத்ததோடு விடாமல் பின்னால் நின்று வேடிக்கையும் பார்த்தான்.

“மாமா, நீங்க வர்றது தெரிஞ்சு அந்தக் கப்பல் இன்னும் கொஞ்சம் கீழ இறங்கிடுச்சு போல.”

அன்றைக்கு அவர் சிரித்தார். இன்று காலை, பழைய சாமான் எடுக்கிறவரின் எண்ணைக் கேட்டார். தேடித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவள் இந்தக் கருத்துகளுக்குள் இறங்கியிருந்தாள்.

கொட்டாவி விட்டவரே கீழே இன்னொன்றும் எழுதியிருந்தார். கடலுக்குள் இறங்கியதுமே தூரத்தில் திமிங்கிலம் கூப்பிடுமாம். அடிவயிறு அதிருமாம். ஒரு கூப்பாட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நிதானமாக ஒரு மிடறு தேநீர் குடிக்கலாமாம்.

திமிங்கிலமா?

காதைத் தீட்டிக்கொண்டாள். பக்கத்து அறையிலிருந்து கீச், கீச், கீச் என்று வந்தது. கடலுக்குள் குருவிக்கு என்ன வேலை என்று முதல் நாளே கேட்டிருந்தாள். மேலே பறக்கிற ஏதாவது பறவையாக இருக்கும் என்று அவர் சமாதானம் சொல்லியிருந்தார்.

மருத்துவர்கள் பேசிப் பதிந்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் வேலை. இழுத்து இழுத்துப் பேசுகிற ஒருவரை மட்டும் வேகமாக ஓடவிடுவாள். அவளுடைய பழைய கருவியில் அந்தக் கட்டைக்குரல்காரர் அணில் மாதிரிக் கத்துவார்.

உடனே தம்பியைக் கூப்பிட்டு, விளையாட்டை எந்த வேகத்தில் வைத்தாய் என்று கேட்டாள்.

“முழு வேகத்துலதான்க்கா. புதுக் கணினி, எதுக்கு வீணா மெதுவா ஓட்டணும்?”

இன்றைய விளையாட்டுகள் கடிகாரத்தைப் பார்த்து ஓடுகின்றன. இந்த விளையாட்டுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. கணினி எண்ணிக்கொண்டே போகும். இத்தனை எண்ணியதும் ஒரு மூச்சுக் காற்றைக் குறை, இத்தனை எண்ணியதும் கலத்தைக் கொஞ்சம் நகர்த்து என்பதுதான் அதற்கு இட்ட கட்டளை. மெதுவாக எண்ணுகிற கணினிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. வேகமாக எண்ணுகிற கணினியில் காற்றும் வேகமாகத் தீரும், பாறையும் வேகமாக முகத்துக்கு வரும், திமிங்கிலமும் கீச்சிடும். ஓட்டுகிற கைக்கு மட்டும் அதே பழைய வேகம்தான்.

அவள் போய் வேகத்தைக் குறைக்கிற இடத்தைத் தேடித் திறந்தாள். அவர் முகம் சுண்டிப்போனது.

“எனக்காக லேசாக்குறியா? கடைக்கு வர்றவன் கழுத்தை யாரு லேசாக்குவா?”

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. குறைத்துக்கொண்டே போனால் யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம்.

“நான் சொல்ல வேணாங்க. திமிங்கிலம் சொல்லட்டும்.”

படித்ததை அவரிடம் சொல்லிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினாள். குருவி பூனையானது. பூனை எருமையானது. அதற்கும் கீழே ஓரிடத்தில், மேசைப்பலகை லேசாக அதிர, நீளமான ஒரு கூப்பாடு எழுந்தது. அவர் பக்கத்தில் இருந்த தேநீரை எடுத்து ஒரு மிடறு விழுங்கினார். டம்ளரை வைத்ததும் அடுத்த கூப்பாடு வந்தது.

அதற்குக் கீழே அவள் இறக்கவில்லை.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். பாறை இடுக்குகளில் எங்கும் உரசாமல் கலம் வழுக்கிக்கொண்டு போனது. கப்பலின் மூக்கைத் தொட்டு நின்றபோது, காற்று பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாலைந்து மடங்கு வேகத்தில் ஓடிய கடலில், இத்தனை நாளும் இந்தக் கைதான் பாதி ஆழம் வரை போயிருக்கிறது.

பழைய சாமான்காரரின் எண்ணை அவர் பிறகு கேட்கவில்லை. அவள் கைப்பேசியை வாங்கி, பகல்கொள்ளை என்று எழுதியவருக்குக் கீழே, அந்தக் கையாலேயே தட்டினார்:

‘காற்று போதவில்லை என்பவர்களுக்கு. குறை உங்கள் கையில் இல்லை. திமிங்கிலம் திமிங்கிலமாகக் கேட்கும்வரை வேகத்தைக் குறையுங்கள்.’