வெள்ளைக்காரன் வீட்டு வேலைக்காரி ரூம்

"விடிஞ்சா ஷூட்டிங். நீ என்னடான்னா மூணாவது சுத்து டீ குடிச்சிட்டு உக்காந்திருக்கே?"

டைரக்டர் ரொகாயா மேடம் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். டக்கார் நகரத்தில் டீயை மூன்று சுற்றாக, மணிக்கணக்கில் காய்ச்சிக் குடிப்பார்கள்; ஒருவன் மூன்றாவது சுற்று வரைக்கும் உட்கார்ந்திருந்தால், அவன் வெட்டியாக இருக்கிறான் என்று அர்த்தம்.

"வேலை முடிஞ்சிருச்சு மேடம்," என்று எழுந்தான் செட் போடும் செரிங். டீ ஊற்றிக் கொடுத்த, மேடம் வீட்டு வேலைக்காரி திபோர், தம்ளர்களை எடுத்துக்கொண்டு நழுவினாள்.

படம், பாரீசுக்குப் பிழைக்கப் போய், வெள்ளைக்காரன் வீட்டில் சீரழியும் வேலைக்காரியின் கதை. பாரீசுக்குப் போய்ப் படமெடுக்கப் பணமில்லை. மேடம் தன் வீட்டையே படத்துக்குக் கொடுத்துவிட்டு, அக்கா வீட்டில் தங்கியிருந்தார்.

ஹாலைப் பார்த்தார். புதுத் திரைச்சீலை, பொய்க் கணப்பு. ஜன்னலுக்கு வெளியே டக்கார் வெயிலை மறைத்துச் சாம்பல் நிறத் துணி.

"ம், பரவாயில்ல. வேலைக்காரி ரூம் எங்க? படமே அதுலதான் நிக்குது. அதுல சொதப்பியிருந்தே, இப்பவே வேற ஆளைக் கூப்பிட்டுருவேன்."

இந்தப் படமும் போனால் செரிங் வீட்டில் அடுப்பு எரியாது. மேடத்தைச் சமையலறைக்குப் பின்னால் அழைத்துப் போய்க் கதவைத் திறந்தான்.

ஜன்னல் கிடையாது. அரிசி மூட்டைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே ஒரு பாய். சுவரில் ஓர் ஆணி, அதில் ஒரே ஒரு மாற்றுடை.

மேடம் வாயைப் பொத்திக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"பாவிங்க. மனுஷங்களா அவங்க? நாய்கூடப் படுக்காதுப்பா இதுல."

"மேடம்..."

"நம்ம சாமான் ரூமா இது? நம்பவே முடியலையே. அந்தப் புழுங்கின வாடைகூட அப்படியே இருக்கு. எப்படிப்பா பண்ணினே? டைட்டில்ல உன் பேரைப் பெரிசாப் போடறேன்."

செரிங் தலையைச் சொறிந்தான். டைட்டிலில் பெரிசாகப் பேர் வருவதென்றால் சும்மாவா? உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை, புகழை வாங்கிக்கொள்ளவும் மனசு வரவில்லை.

"அது வந்து மேடம்... வீடு பூரா மாத்தினேன். இங்க மட்டும்..."

அவன் முடிப்பதற்குள், ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே திபோர் வந்து நின்றாள்.

"மேடம், என் ரூமைப் பாத்து முடிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க. கொஞ்சம் கட்டையைச் சாய்க்கணும்."