கோசலாவின் தப்பு

"டீச்சர், அரக்கன் வந்துட்டானா?" சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கோசலா கேட்டாள்.

"இன்னும் வரேல்லை. குருவி இப்பதான் பாடத் தொடங்குது," என்றாள் றீற்றா டீச்சர். சுவரோரம் சப்பணமிட்டு உட்கார்ந்து, புல்லாங்குழல் போல விசிலடித்துக் காட்டினாள்.

றீற்றா யாழ்ப்பாணத்துக்காரி. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். வாத்தியங்களே பாத்திரங்களாகப் பேசும் பழைய வெளிநாட்டுக் கதை ஒன்றைப் பிள்ளைகளுக்கான படப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தாள். குருவிக்குப் புல்லாங்குழல். பாட்டுகளைத் திருடும் அரக்கனுக்குப் பெரிய முரசு. அவளுடைய புத்தகத்தில் காடு, தேயிலை மலையாகிவிட்டது; முரசு, தோட்டத்தில் அடிக்கும் தப்பு மேளமாகிவிட்டது. வகுப்பில் வாசிக்கும்போது ஆளுக்கொரு சத்தம் கொடுப்பாள். அரக்கனின் தப்பை மட்டும் கோசலா யாருக்கும் விட்டுத்தர மாட்டாள். ஐந்து வயதுச் சண்டைக்காரி.

"நாங்க பேசினா அழுகை கூடுது டீச்சர்," என்று கோசலாவின் அப்பா கறுப்பையா மெதுவாகச் சொன்னான். "நீங்க வந்தப்புறந்தான் நிப்பாட்டினா. விட்டுறாதீங்க, பேசிக்கிட்டே இருங்க."

றீற்றா தலையாட்டினாள்.

"படத்தக் காட்டுங்க டீச்சர்."

"நான் இங்காலை, நீர் அங்காலை. எப்பிடிக் காட்டுறது? அரக்கன் என்ன நிறமெண்டு நீர் சொல்லும், நான் அப்பிடியே கீறுறன்."

"பச்ச. பல்லு மட்டும் மஞ்ச."

கறுப்பையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துவாயால் முகத்தை மூடிக்கொண்டான்.

"சரி, பச்சை அரக்கன் மலையிலை இருந்து இறங்கி வாறான். குருவியின்ரை பாட்டைப் பறிச்சுப் பைக்குள்ளை போடப் போறான். எங்கை தப்பு?"

சத்தமில்லை. கறுப்பையாவின் தம்பி லெட்சுமணன் சுவரில் காதை ஒட்டினான்.

டக். டக். டக்.

"அடிச்சிட்டா!" கறுப்பையா மூச்சு விட்டான்.

"காணாது, இன்னும் பலமா அடியும்!" என்றாள் றீற்றா. "இது அரக்கனோ, அணிலோ?"

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. பிறகு டக்! டக்! டக்!

லெட்சுமணன் சுவரோடு கொஞ்சம் நகர்ந்து மறுபடியும் காதை வைத்தான்.

அரக்கன் குருவியைத் துரத்தினான். குருவி தேயிலைச் செடிக்குள் ஒளிந்தது, ஓடையைத் தாண்டியது. கடைசியில் அகப்பட்டு, அரக்கனின் பைக்குள் விழுந்தது.

"டீச்சர்... தூக்கம் வருது."

"கூடாது!" றீற்றா கத்திவிட்டாள். உடனே குரலைத் தணித்துக்கொண்டாள். "தப்படிக்கிற ஆள் நித்திரை கொண்டால் கதை நிண்டு போகுமெல்லோ?"

"குருவி தப்பிச்சிருமா டீச்சர்?"

மூலக்கதையில் குருவி தப்புவதில்லை. புல்லாங்குழல் மெல்ல அடங்கிப்போவதோடு கதை முடிந்துவிடும். அந்தக் கடைசிப் பக்கத்தை வரைய மனம் வராமல்தான் புத்தகம் முடியாமல் கிடந்தது. கறுப்பையா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம், தப்பும்," என்றாள். "பையைக் கிழிச்சுக்கொண்டு வெளியிலை வரும். ஆனா அதுக்கு அரக்கன் இன்னொருக்கா வரவேணும். இருக்கிற பலம் எல்லாத்தையும் போட்டு அடியும், பாப்பம்."

பதில் இல்லை.

"கோசலா?"

றீற்றா இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் வைத்தாள். "கோசலா, அரக்கன் வாசல்லை வந்து நிக்கிறானம்மா. அவனுக்குச் சத்தம் இல்லை. நீர்தான் குடுக்கவேணும்."

கறுப்பையா கண்ணை மூடிக்கொண்டான்.

டக்.

பிறகு, டக்! டக்! டக்! டக்!

லெட்சுமணன் துள்ளி எழுந்து வெளியே ஓடினான். "அடுப்படி மூலை! அங்கதான் இருக்கா! நேரா மேல இருந்து தோண்டுங்க!"

சுவருக்கு அந்தப் பக்கம், விடியற்காலை மலை சரிந்து மூடிய லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவுக்கு மேலே, எங்கே வெட்டினால் பிள்ளைமேல் மண் சரியுமோ என்று பயந்து நின்றிருந்த மண்வெட்டிகள் எல்லாம் அந்த ஒரே இடத்தில் இறங்கின. கூரை மரம் தாங்கி நின்ற சின்ன இடுக்கிலிருந்து, தலை முதல் கால் வரை சேறாக, கையில் ஓர் அகப்பையை இறுகப் பிடித்தபடி, கோசலா உயிரோடு வெளியே வந்தாள்.