மதில் தாண்டிய எலி

கொல்லையில் இன்றும் செத்த எலி. வாலாம்பாள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அதை ஓட்டை முறத்தில் அள்ளி மதிலுக்கு அப்பால் வீசினாள்.

"நேத்து நான் போட்டதையே திருப்பிப் போட்டிருக்கா அந்த விசாலாக்ஷி. சீ, மனுஷ ஜென்மமா அவ?"

விசாலாக்ஷி பின்தெருக்காரி. இரண்டு வீட்டுக்கும் கொல்லை மதில் ஒன்றுதான். கிணற்றுச் சண்டைக்குப் பிறகு பேச்சில்லை.

கணவர் சேஷய்யர் தயங்கினார். "மைசூர் பூரா பிளேக்குங்கறா. பிளேக் ஆபீஸ்ல சொல்லிடட்டுமா?"

"சொன்னா நம்மை ஊருக்கு வெளியே பிளேக் கொட்டகைக்கு அனுப்பிடுவா. அவ கொழுப்புக்கு நாம ஏன் வீட்டைக் காலி பண்ணணும்?"

மறுநாளும் ஒரு எலி. அதற்கு மறுநாள் இரண்டு. எல்லாவற்றையும் வீசிவிட்டு, மதிலருகே நின்று வாய் வலிக்கத் திட்டினாள். அந்தப் பக்கம் மூச்சே இல்லை.

"நெஞ்சழுத்தத்தைப் பாருங்கோ" என்று காறித் துப்பினாள்.

நாற்றம் தாங்காமல் தெருவில் யாரோ புகார் செய்ய, பிளேக் இன்ஸ்பெக்டர் வந்தார். வாலாம்பாள் முந்திக்கொண்டாள்.

"பின்தெரு வீட்டைப் போய்ப் பாருங்கோ. தினமும் எங்காத்துல எலியைத் தூக்கிப் போடறா."

"யார் தாயி போடறது? அவங்க பத்து நாள் முன்னாடியே ஸ்ரீரங்கப்பட்டணம் போயிட்டாங்க. வீட்டுச் சாவி எங்கிட்ட இருக்கு."

அவர் கதவைத் திறந்துவிட, வாலாம்பாள் அந்தக் கொல்லைக்குள் நுழைந்தாள்.

மதிலோரம் ஐந்து எலிகள் கிடந்தன. அவள் வீசிய ஐந்தும் அங்கேதான் இருந்தன.