பின் சீட்டு

"ரெண்டு சீட்டு வண்டி போதும்னு எத்தனை தடவை சொல்றது?" காண்டிராக்டர் கத்தினார்.

"பிள்ளைங்களை எங்க உட்கார வைப்பீங்க, கூரை மேலயா?" அவளும் விடவில்லை.

மலைப்பாதையில் ஓட்டும் 'பக்கி' என்ற குட்டி ஜீப் போன்ற வண்டிகள் விற்கும் கடை அது. கண்ணாடிச் சுவர் என்பதால் தெருவுக்கே நல்ல பொழுதுபோக்கு.

"குறுகலான பாதையில இதுதான் வளையும். பிள்ளைங்களை மாத்தி மாத்திக் கூட்டிட்டுப் போறேன்."

"ஒண்ணு போனா இன்னொண்ணு தனியா நிக்கணுமா? நாலு சீட்டு எடுங்க. எப்ப லீவு விடும்னு ரெண்டும் காத்துக்கிட்டு இருக்குதுங்க."

விற்பனைக்காரர் சமாதானத்துக்கு வந்தார். "அக்கா சொல்றதுதான் சரி சார். நீங்க ஓட்டுங்க, பக்கத்துல அக்கா ஜம்முனு உட்காரட்டும், பின்னாடி பிள்ளைங்க."

"நான் எதுக்குங்க? முன் சீட்டுக்காரி வெளியே கார்ல உட்கார்ந்து ஹாரன் அடிக்கிறா பாருங்க. எனக்கும் இவருக்கும் விவாகரத்து ஆகியாச்சு. லீவுக்கு அப்பாகிட்ட வர்ற பிள்ளைங்களுக்குப் பின் சீட்டு கேக்கத்தான் வந்தேன்."

ஹாரன் மறுபடி அலறியது. அதுவரை உறுமிய காண்டிராக்டர் பூனையாகி, ரெண்டு சீட்டு வண்டிக்கே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த மாதமே கார்க்காரியோடு அவருக்குக் கல்யாணம். இவள் பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். எந்த ஊர் என்று தெருவே விசாரித்தது. அவர் மட்டும் கேட்கவில்லை.